தோலையும் விதையையும் எறியாதீர்கள்: வீட்டிலேயே மாமலேட்

(கொட்டாஞ்சேனையில் தோட்டக் குடும்பத்துப் பெண்கள் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் செய்து காட்டுவதற்கு முன் ஒரு சகோதரி பேசியது)



இங்கே இருக்கிறவர்களில் பாதிப்பேர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீட்டு வேலை, கடை வேலை செய்கிற நம்ம பிள்ளைகள். மீதிப்பேர் அவர்களைப் பார்க்க மலையிலிருந்து வந்த அம்மாமார். நானும் லயத்துக் காம்பராவில் பிறந்து, வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக் குசினிக்கு வேலைக்கு வந்தவள்தான். மாமலேட் என்ற பெயரையே அங்கேதான் முதலில் கேட்டேன். தோடம்பழத் தோலை நறுக்கிப் போட்டுக் காய்ச்சுகிற ஜேம் அது. லேசாகக் கசக்கும். பாணுக்கு மட்டுமில்லை, நம்ம கோதுமை ரொட்டிக்கும் அருமையாக இருக்கும்.

"அது தொரைமார் சாப்பாடு, நமக்கு எதுக்கு?" என்று என் அம்மா கேட்டார். உண்மைதான். ஸ்கொட்லாந்தில் டண்டீ என்ற ஊரில் கீலர் குடும்பத்தார் 1797இல் இதைத் தொழிலாகச் செய்யத் தொடங்கினார்கள். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரும் அந்த நாட்டுக்காரர்தான். ஆனால் இப்போது பாருங்கள், ஹப்புத்தளையில் சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டி முடித்த அடிஷாம் பங்களாவில் 1961இலிருந்து துறவிகள் இருக்கிறார்கள். ஜேம், மாமலேட் எல்லாம் அவர்களே காய்ச்சி அங்கேயே விற்கிறார்கள். தொரை வீட்டில் துறவி செய்யலாம் என்றால் லயத்தில் நாம் செய்யக் கூடாதா?

கடையில் வெளிநாட்டுப் போத்தலின் விலையைப் பார்த்துவிட்டுத் திருப்பி வைத்துவிடுவோம். அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது? சீனி, தண்ணீர், நாம் குப்பையில் போடுகிற தோல். ஜேம் கட்டியாவதற்குப் பெக்டின் என்ற ஒரு பசை வேண்டும். தோடை, தேசிக்காய் இனத்தில் அந்தப் பசை கூடுதலாக இருப்பது வெள்ளைச் சதையிலும் விதையிலும்தான். காசு கொடுத்துத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

அரைக் கிலோ தோடம்பழம், மூன்று தேசிக்காய், ஒன்றேகால் லீற்றர் தண்ணீர், ஒரு கிலோ சீனி. இவ்வளவுதான் சாமான். நம்ம நாட்டுத் தோடை பழுத்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். அதைப் பார்த்து ஒதுக்காதீர்கள். வெளிநாட்டுப் பழமென்றால் தோலில் மெழுகு பூசியிருப்பார்கள். சுடுதண்ணீரில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். எல்லாப் பழத்தையும் பாதியாக வெட்டிச் சாறு பிழிந்து, விதையையும் உள்சவ்வையும் சுத்தமான வெள்ளைத் துணியில் முடிச்சாகக் கட்டுங்கள். தோடைத் தோலை ஈர்க்கு மாதிரி மெல்லிசாக நறுக்குங்கள். சாறு, தோல், முடிச்சு எல்லாம் தண்ணீரில் ஒரு இரவு ஊறட்டும். சட்டி எவர்சில்வராக இருப்பது நல்லது. புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

இரவு ஊறவைப்பதில்தான் அடுப்புச் செலவு மிச்சம். 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாங்கள் வரிசையில் நின்றபோது, ஊறிய தோல் எவ்வளவு சீக்கிரம் வேகும் என்பதை நன்றாகவே படித்துக்கொண்டேன்.

விடிந்ததும் மெல்லிய தீயில் வேகவையுங்கள். தோலை விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், தண்ணீர் ஏறக்குறையப் பாதியாக வற்ற வேண்டும். தொடங்கும்போதே ஒரு குச்சியால் ஆழத்தை அளந்து வைத்துக்கொண்டால் குழப்பமில்லை. முடிச்சை ஆறவிட்டு அழுத்திப் பிழிந்தால் கொழகொழவென்று ஒரு சாறு வரும். அதுதான் பெக்டின், ஒரு சொட்டையும் விடாதீர்கள். சீனி அதற்குப் பிறகுதான். தோல் வேகுமுன் சீனி போட்டால் அது செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும், பிறகு எத்தனை மணி நேரம் காய்ச்சினாலும் மெதுவாகாது. சீனி கரைந்ததும் தீயைக் கூட்டுங்கள்.

எப்போது இறக்குவது? இதில்தான் நான் ஏமாந்தேன். வெள்ளவத்தை வீட்டில் சமையல் வெப்பமானி ஒன்று இருந்தது. 104, 105 பாகை வந்ததும் இறக்குவோம். ஒரு தீபாவளிக்கு அதை இரவல் வாங்கிக்கொண்டு நுவரெலியாப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் போனேன். அடுப்பைச் சுற்றி லயமே நின்றது. 104 வரும், வரும் என்று பார்த்திருந்தேன். வந்தபோது சட்டியில் இருந்தது மாமலேட் இல்லை, கருகின டொபி. ஒரு கிலோ சீனி போச்சு. அம்மா அன்றைக்கு என்னிடம் பேசவில்லை.

காரணம் பிறகுதான் தெரிந்தது. கடலோரக் கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் ஏறக்குறைய 94இலேயே கொதித்துவிடும். மாமலேட்டும் அங்கே 98, 99இலேயே பதமாகிவிடும். மலையில் தோல் வேகவும் கூட நேரம் பிடிக்கும். ஆகவே புத்தகத்துக் கணக்கும் வேண்டாம், வெப்பமானியும் வேண்டாம். ஒரு பீங்கான் தட்டைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்துத் துடைத்து, அதில் ஒரு சொட்டு விடுங்கள். ஆறியதும் விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். சோதிக்கும்போது சட்டியை இறக்கி வையுங்கள், இல்லாவிட்டால் அதற்குள் பதம் தாண்டிவிடும்.

போத்தலையும் மூடியையும் முன்பே பத்துப் பதினைந்து நிமிடம் கொதிக்கவைத்துக் காயவையுங்கள். மாமலேட்டைக் கால் மணி நேரம் ஆறவிட்டுக் கிளறினால் தோல் மேலே மிதக்காது. சூடு இருக்கும்போதே சூடான போத்தலில் ஊற்றுங்கள். 400 கிராம் போத்தல் ஏறக்குறைய நாலு வரும். பூஞ்சணம் பிடித்தால் மேலே மட்டும் வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், முழுப் போத்தலையும் எறியுங்கள்.

பழத்தைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்களா? ஏழெட்டுப் பழத்தின் தோலும் விதையும் போதும், தேசிக்காயை ஐந்தாக்குங்கள். வெந்த பிறகு தம்ளரால் அளந்து, ஒரு தம்ளருக்கு ஒரு தம்ளர் சீனி. நாரத்தங்காயிலும் செய்யலாம். ஆனால் அதன் தோலை ஒரு தடவை கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

ஒன்று முக்கியம். காம்பரா சின்னது, அடுப்பு தரையோடு இருக்கும். சீனிப்பாகு கொதிக்கும்போது பிள்ளைகளை வெளியே விடுங்கள். பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். உடனே ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். பற்பசை பூசாதீர்கள்.

சீனி வியாதி உள்ளவர்களுக்கு இது வேண்டாம். வீட்டில் செய்தாலும் சீனி சீனிதான். விற்க நினைக்கிறவர்கள் முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் பாருங்கள். உணவுச் சட்டம் இருக்கிறது, போத்தலில் பெயர்ச்சீட்டும் திகதியும் ஒட்ட வேண்டும்.

நேற்றிரவே தோலை ஊறவைத்துவிட்டேன். குசினிப் பக்கம் வாருங்கள், அடுப்பைப் பற்றவைப்போம்.