காசு போற வழியும் திரும்புற வழியும்



"வரி இலாகா", "உள்துறை அமைச்சு" எண்டு ரெலிபோனிலை ஒரு குரல் கேட்டாலே எங்கட சனத்துக்கு நெஞ்சு பதறும். திருப்பி அனுப்பிப் போடுவினமோ எண்ட பயம். கள்ளருக்கு அந்தப் பயம்தான் முதல்.

பிரித்தானியாவில் 2024 ஒக்ரோபர் 7 முதல் ஒரு விதி நடைமுறையில் உள்ளது. ஏமாற்றப்பட்டு இந்நாட்டு வங்கிக் கணக்கொன்றுக்குக் காசு அனுப்பியவருக்கு, 85,000 பவுண் வரை வங்கி திருப்பிக் கொடுக்க வேண்டும். அதில் 100 பவுண் வரை கழிக்கலாம். 13 மாதத்துக்குள் முறையிட வேண்டும். மிக அசட்டையாக நடந்திருந்தால் மறுக்கவும் இடமுண்டு.

ஆனால் கிப்ற் காட் வாங்கி அதன் இலக்கத்தைச் சொல்லிவிட்டால் இந்த விதி கைகொடுக்காது. வெளிநாட்டுக் கணக்குக்கு அனுப்பிய காசுக்கும் அப்படியே. கள்ளன் கிப்ற் காட் கேட்பது இதனாலும்தான். எந்த அரச அலுவலகமும் கிப்ற் காட்டில் காசு வாங்காது.

அப்படிக் கேட்டால் ரெலிபோனை வையுங்கோ. 159 எண்ட இலக்கத்தை அடிச்சால் பெரும்பாலான வங்கிகளோடை கதைக்கலாம். காசு போயிருந்தால் வெட்கத்திலை மூடி வைக்காதேங்கோ. அண்டைக்கே வங்கிக்கும், காட் குடுத்த கொம்பனிக்கும் சொல்லுங்கோ. வீட்டிலை தனிய இருக்கிற அம்மா அப்பாவுக்கும் இண்டைக்கே விளங்கப்படுத்துங்கோ.