சிறையிலிருந்து திரும்புவோர்க்கு நம் தோட்டத்தில் இடமுண்டா?

(தோட்டக் கிளை ஆண்டுக் கூட்டத்தில் கிளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் வீட்டுப் பழுதைப் பற்றியும் தலைவர் விளக்கமாகப் பேசிவிட்டார். நான் எடுத்துக்கொண்டது நம்மில் பலர் பேசக் கூசும் விஷயம். நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் அடுத்த மாதம் சிறையிலிருந்து வெளிவருகிறான். அவனுடைய தாயார் செயற்குழுவிடம் வந்து, "என் மகன் லயத்துக்குத் திரும்பி வரலாமா, ஐயா?" என்று கேட்டார். குழுவில் பாதிப் பேர் வரலாம் என்றார்கள். மீதிப் பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆகவே அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன்.

அவன் செய்ததை மறைக்க மாட்டேன். இதே லயத்தில் ஒரு விதவைத் தாயின் வீட்டில் புகுந்து சங்கிலி திருடினான். அந்த அம்மா இந்தக் கூட்டத்தில் அமர்ந்திருக்கிறார். நேற்று அவரிடம் அனுமதி கேட்ட பிறகுதான் இன்று பேசுகிறேன். "அவன் வரட்டும் தம்பி. ஆனால் என் வாசலுக்கு வந்து, என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார். பாதிக்கப்பட்டவருக்கே அவ்வளவு பெரிய மனம் இருக்கும்போது மற்றவர்கள் கதவை அடைப்பது நியாயமா?

முன்பு ஒருமுறை நாம் கதவை அடைத்தோம். பத்தாண்டுகளுக்கு முன் இன்னொருவன் இப்படித் திரும்பி வந்தான். லயத்து வீடு வேலைக்குச் சேர்ந்த வீடு; வேலையில்லாதவன் தங்கக்கூடாது என்றது நிர்வாகம். சங்கம் வாய் திறக்கவில்லை. திறக்க வேண்டாமென்று குழுவில் சொன்னவர்களில் நானும் ஒருவன். பட்டணத்துக்குப் போனான். பழைய கூட்டாளிகள்தாம் சோறு போட்டார்கள். மூன்றே மாதத்தில் மறுபடி உள்ளே போனான். அந்தக் குற்றம் அவனுடையதுதான். ஆனாலும் அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டென்று இன்றுவரை எண்ணுகிறேன்.

இது இரக்கத்தை மட்டும் நம்பிச் சொல்லும் பேச்சென்று எண்ணாதீர்கள். பக்கத்திலுள்ள சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே 1998-ஆம் ஆண்டில் விடுதலையானவர்களில் நூற்றுக்கு 44 பேர் இரண்டே ஆண்டில் திரும்பவும் சிறை சென்றார்கள். 2000-ஆம் ஆண்டில் சிறைத்துறையும் உதவிச் சங்கங்களும் ஒன்றாகச் சேர்ந்தன. 2004-இல் மஞ்சள் ரிப்பன் இயக்கம் தொடங்கி, விடுதலையாவோர்க்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுங்கள் என்று முதலாளிகளையும் பொதுமக்களையும் கேட்டது. 2019-இல் விடுதலையானவர்களில் அப்படித் திரும்பியவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 20 பேர்தான். சிறு தண்டனை பெற்றவர் ஐந்தாண்டு ஒழுங்காக வாழ்ந்தால் பழைய குற்றப் பதிவு கழிந்துபோகும்படி 2005-இல் சட்டமும் வந்தது.

வேலை கொடுத்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் அங்கேயே பாடம் இருக்கிறது. ரப்பர்த் தோட்டக் கிராணி ஒருவரின் மகனாய் வளர்ந்து, தொழிற்சங்கத்தில் உழைத்து, தாமே காவலில் அடைபட்டுக் கிடந்தவர் தேவன் நாயர். பின்னாளில் சிங்கப்பூரின் அதிபரானார். அவர் தலைமையில் அமைந்த சிறை விசாரணைக் குழுவின் யோசனைகளையொட்டி, 1960-இல் புலாவ் செனாங் தீவில் ஒரு குடியிருப்பு உண்டாயிற்று. விசாரணையின்றிக் காவலில் இருந்த இரகசியச் சங்கத்தார் அங்கே பாதை போட்டார்கள், வீடு கட்டினார்கள், தொழில் பழகினார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் 1963 ஜூலையில், ஜெட்டி வேலையில் நேரம் கடந்து உழைக்க மறுத்த தச்சர்கள் 13 பேரைச் சாங்கிச் சிறைக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஜூலை 12-ஆம் நாள் கலகம் வெடித்தது. தீவின் மேலதிகாரியும் மூன்று அதிகாரிகளும் கொல்லப்பட்டார்கள். 1965-இல் 18 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கொலைக்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. உழைப்பு மனிதனைத் திருத்த வேண்டுமானால், அந்த உழைப்பில் மரியாதையும் நியாயமான நேரமும், குறையைச் சொல்ல ஒரு வழியும் இருக்க வேண்டும். இது தொழிற்சங்கத்தாருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் 2008-ஆம் ஆண்டு முதல் பரோல் முறை நடைமுறையில் இருக்கிறது. தகுதியுள்ள கைதி தண்டனையின் பிற்பகுதியை அதிகாரியின் கண்காணிப்பில் வெளியே கழிக்கலாம். ஆனால் தங்க வீடு எங்கே, ஏற்கக் குடும்பம் எங்கே என்ற கேள்வி வரும். அதற்குச் சட்டப் புத்தகத்தில் பதில் கிடைக்காது. லயத்தில்தான் கிடைக்க வேண்டும்.

ஆகவே, நான் கேட்பது ஐந்து காரியங்கள்.

ஒன்று: விடுதலை நாளில் குழு உறுப்பினர் இருவர் தாயாருடன் சிறை வாசலுக்குப் போக வேண்டும். அங்கே பழைய கூட்டாளி முந்திக்கொள்ளக் கூடாது.

இரண்டு: அடையாளக் கார்டு, சேமநிதி, வங்கிக் கணக்கு இவற்றுக்கான பாரங்களைக் கிராணிமார்கள் எழுதித் தர வேண்டும். அவன் எழுத்துக் குறைவாகப் படித்தவன்.

மூன்று: அவனைப் பெரட்டில் சேர்க்கும்படியும் தாயார் வீட்டில் தங்க விடும்படியும் நிர்வாகத்திடம் சங்கம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். ஆள் பற்றாக்குறை என்று சொல்லும் நிர்வாகம், கைக்கு வரும் ஆளை எப்படி மறுக்கும்? மற்றவருக்குள்ள சம்பளமே அவனுக்கும். சிறை சென்றவன் என்று கூலியைக் குறைத்தால், நாளை அதே கூலியை நமக்கும் காட்டுவார்கள்.

நான்கு: முதல் சம்பளம் வரும்வரை அரிசி, மளிகைக்குக் கிளை நிதியிலிருந்து கடனாகக் கொடுக்க வேண்டும். அவன் மாதாமாதம் கட்டட்டும். சங்கிலியின் விலையையும் அப்படியே அந்த அம்மாவுக்குக் கட்ட வேண்டும்.

ஐந்து: பெரட்டுக் களத்திலோ கள்ளுக்கடையிலோ யாரும் அவனைப் பழைய பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. மறுபடி தவறினால் சட்டம் பார்த்துக்கொள்ளும்.

தோழர்களே! பட்டை வெட்டிய இடத்தில் மறுபட்டை வளருவதை நாம் தினமும் பார்க்கிறோம். உளி ஆழமாக இறங்கிக் கட்டையைப் புண்ணாக்கிவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாய்ப் போகிறது. நீதிமன்றம் வெட்டிய வெட்டு முடிந்துவிட்டது. அதற்கு மேல் நாம் உளியை இறக்க வேண்டாம்.

இந்த ஐந்தையும் தீர்மானமாக முன்மொழிகிறேன். ஆதரிப்போர் கை உயர்த்துங்கள். முதற் கை அந்த அம்மாவுடையதாக இருக்குமென்று நம்புகிறேன்.