இரைச்சலும் இதயமும்

மின்பொறியியலில் முதுநிலை ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்டது இதயத்தின் மின்னலை. மார்பில் ஒட்டிய உணர்விக்குக் கிட்டுவது ஏறத்தாழ 1 மில்லிவோல்ட்தான். அதன்மேல் சுவரிலுள்ள மின்கம்பிகளின் 50 ஹெர்ட்ஸ் அலை வந்து கவிந்துகொள்ளும். சந்தை இரைச்சலில் தாலாட்டுக் கேட்பது போலத்தான்!

50 ஹெர்ட்ஸை நீக்கும் வடிப்பான் ஒன்றை அமைத்தேன். கோடு பளிங்குபோல் தெளிந்தது, அகமகிழ்ந்தேன். என் பேராசிரியரோ ஒன்றும் பேசாமல் மூல வரைபடத்தை அருகில் வைத்தார். கூரிய முகடு என் கோட்டில் மழுங்கியிருந்தது. அம்முகட்டிலும் அந்த அதிர்வெண்ணின் கூறு உண்டல்லவா? இரைச்சலோடு இதயத்தின் செய்தியையும் வடித்தெறிந்துவிட்டேன். அந்த அழகிய கோட்டை நம்பி ஒரு மருத்துவர் என்ன முடிவு செய்திருப்பாரோ!

பின்னர் 100 துடிப்புகளை முகட்டோடு முகடு பொருத்திச் சராசரி கண்டேன். தொடர்பற்ற இரைச்சல் பத்திலொன்றாயிற்று, முகடு நிலைத்தது. ஆனால், எப்போதோ ஒருமுறை பிறழும் துடிப்பு அச்சராசரியில் மறைந்துபோகும். அதற்கு வழி தேடவே மேலும் ஓராண்டு சென்றது.