சாயும் எழுத்தும் தவறும் புள்ளியும்



1960-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளன்று திருத்தணி சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. எனினும் அவ்விரு ஊர்ப் பக்கங்களிலும் தமிழ் மறையவில்லை. திருமலைக்கு வரும் அடியார்களுக்கென வைத்துள்ள அறிவிப்புப் பலகைகளில் தெலுங்கும் தமிழும் அருகருகே விளங்குவதை இன்றும் காண்கிறோம்.

இக்காலத்தில் விளையாட்டுக் குழுவின் சட்டையிலும், மோட்டார் சைக்கிளிலும், கணினிக் கடையின் பெயர்ப்பலகையிலும் தடித்து வலப்புறம் சாய்ந்த எழுத்தே விரும்பப்படுகிறது. ஓடுகின்றவனின் உடல் முன்னே சாய்வதுபோல, சாய்ந்த எழுத்தும் வேகத்தை நினைவூட்டுகிறது. ஆனால் சாய்வெழுத்து வேகத்திற்காகப் பிறந்ததன்று. 1501-இல் வெனிசு நகரத்து ஆல்டஸ் மனூஷியஸ் என்னும் அச்சகத்தார், கற்றோரின் கையெழுத்தைப் பின்பற்றி, கையடக்க நூல்களில் அதனைப் பயன்படுத்தினார். வேகம் என்னும் பொருள் பிற்காலத்தில் ஏறியது.

இவ்வழகைத் தமிழுக்கும் கொணரலாம். ஆயின் ஒன்று கவனிக்க வேண்டும். நேராக நிற்கும் எழுத்தைக் கணினி சாய்க்கும்போது அடி நிலையாக நிற்கிறது. உயரம் கூடக் கூட வலப்புறம் நகர்வதும் கூடுகிறது. எழுத்தின் உச்சிக்கும் மேலே நிற்பது புள்ளி. ஆகவே அதுவே மிகுதியாக நகர்கிறது. ‘திருப்பதி’ என்று எழுதிச் சாய்த்துப் பாருங்கள். முதற் பகரத்தின் தலையில் இருக்க வேண்டிய புள்ளி, இரு பகரங்களுக்கும் இடையே போய் நிற்கும். ‘சித்தூர்’ என்பதிலும் தகர ஒற்றின் புள்ளிக்கு இதே நிலைதான். தெலுங்கில் சித்தூர் என எழுதுங்கால் இரட்டிக்கும் மெய் கீழே ஒட்டாக அமைகின்றமையால், அங்கே இத்தொல்லை இல்லை.

தடிப்பினாலும் ஒரு கேடுண்டு. ண, ஞ போன்றவற்றின் சுழிகள் மையால் அடைபட்டுப் போகின்றன. எழுத்தை இயந்திரம் தள்ளிச் சாய்த்தல் வேறு. எழுத்துக் கலைஞர் புள்ளியைத் தன்னிடத்தில் வைத்து, சுழியைத் திறந்து, சாய்வாகவே வரைதல் வேறு.

தமிழறிந்தவர் புள்ளி தவறினும் ஊகித்துப் படித்துவிடுவார். பழைய ஓலைகளைப் புள்ளியின்றியே படித்த மரபு நமக்குண்டு. ஆனால் தில்லியிலும் மும்பையிலும் வளரும் நம் குழந்தைகளுக்கு அந்த ஊகம் எங்கிருந்து வரும்? பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளை, சங்க விழாவின் பதாகையிலும் தன் குழுச் சட்டையிலுமே தமிழை எழுத்துக்கூட்டுகிறது. அங்கே புள்ளி இடம் மாறினால், மெய்யும் உயிர்மெய்யும் அதற்கு மயங்கும்.

ஆதலின் அடுத்த முறை சட்டையோ பதாகையோ அச்சிடக் கொடுக்குமுன், மாதிரியை ஒரு சிறுவனிடம் தந்து உரக்கப் படிக்கச் சொல்வோம். அவன் தடுமாறினால் புள்ளியைத் திருத்தச் சொல்வோம். இயலாதெனில் நேரெழுத்தே போதும் என்போம். வேகமாகத் தோன்றுவதைவிட, பிழையின்றிப் படிக்கப்படுவதே எழுத்துக்குப் பெருமை.