ஒயருக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

(கிளப் ஹவுஸில் நடந்த நம் காலாண்டுக் கூட்டத்தில் பி பிளாக் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்களுக்காக இங்கே தருகிறோம். – ஆசிரியர் குழு)



செயலாளர் சார் பதினைந்து நிமிஷம்தான் கொடுத்திருக்கிறார். அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

இந்த ஹாலுக்குப் புது சவுண்ட் சிஸ்டம் போட கமிட்டி கொட்டேஷன் வாங்கியிருக்கிறது. நோட்டீஸ் போர்டில் பார்த்திருப்பீர்கள். ஆம்ப்ளிஃபயர், நாலு ஸ்பீக்கர், மைக் இவற்றில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஏழாவது வரியை மட்டும் இன்னொரு தடவை படியுங்கள். ‘பிரீமியம் ஸ்பீக்கர் கேபிள், 80 மீட்டர், மீட்டர் 1,450 ரூபாய்.’ மொத்தம் 1,16,000 ரூபாய். இன்னொருவர் கொடுத்த கொட்டேஷனில் அதே 80 மீட்டருக்கு சாதாரண 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், மீட்டர் 120 ரூபாய். மொத்தம் 9,600. வித்தியாசம் 1,06,400 ரூபாய். கார்பஸ் ஃபண்டிலிருந்து போகிற பணம்.

‘கேபிள் மாறினா சத்தமே மாறிடும் சார், கேட்டா நீங்களே சொல்லுவீங்க’ என்று கடைக்காரர் சொன்னாராம். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் மனசார நம்பித்தான் சொல்லியிருப்பார். ஏனென்றால் நானும் ஒரு காலத்தில் அப்படி நம்பியவன்தான்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் 22,000 ரூபாய் கொடுத்து நாலு மீட்டர் கேபிள் வாங்கினேன். ‘இந்த விலைக்கு ஒரு வாஷிங் மெஷின் வந்திருக்குமே’ என்று என் மனைவி கேட்டாள். ‘உனக்குக் காது பழகணும்’ என்று பெரிய மனுஷன் மாதிரி பதில் சொன்னேன். அடுத்த வருஷம் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். எல்லாவற்றையும் கழற்றி, திரும்ப மாட்டினார்கள். ஒரு மாதம் கழித்து நண்பர் ஒருவர் வந்தார். கச்சேரி ஒன்றைப் போட்டு, ‘மிருதங்கத்தில் தொப்பி எவ்வளவு தெளிவா கேக்குது பாருங்க, எல்லாம் கேபிள் செய்யற வேலை’ என்று விளக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் உள்ளே போய், பரணிலிருந்து ஒரு பையை எடுத்து வந்து டீப்பாய் மேல் வைத்தாள். பையில் 22,000 ரூபாய் கேபிள். பெயின்டர் பையன் பழைய ஒயரையே மாட்டிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு மாதமாக நான் கேட்டு ரசித்தது அந்தப் பழைய ஒயரைத்தான்.

அன்றைக்குத்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன்.

முதலில் ஒயர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆம்ப்ளிஃபயர் தரும் மின்சாரத்தை ஸ்பீக்கருக்குக் கொண்டு போகிறது. போகிற வழியில் தன் ரெசிஸ்டன்ஸால் கொஞ்சம் தின்றுவிடுகிறது. எவ்வளவு தின்கிறது என்பது முக்கியமாக மூன்று விஷயங்களைப் பொறுத்தது. நீளம், தடிமன், எந்த உலோகம். விலை இந்தப் பட்டியலில் இல்லை.

நம் ஹாலையே எடுத்துக்கொள்ளுங்கள். மேடையிலிருந்து ஒரு ஸ்பீக்கருக்கு 20 மீட்டர். போக ஒன்று, வர ஒன்று, ஆக 40 மீட்டர் செம்பு. 2.5 ஸ்கொயர் எம்எம் என்றால் மொத்த ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 0.32 ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். கணக்குப் போட்டால் சத்தம் குறைவது 0.35 டெசிபல்கூட இல்லை. சாதாரணமாக உட்கார்ந்து கேட்கிறவருக்கு ஏறக்குறைய 1 டெசிபல் மாறினால்தான் ‘ஏதோ மாறியிருக்கு’ என்று தோன்றும். அதே இடத்தில் 0.5 ஸ்கொயர் எம்எம் மெல்லிய ஒயர் போட்டால் 1.5 டெசிபல் போய்விடும். அது காதுக்குத் தெரியும். ஆக, ஒயரில் வித்தியாசமே கிடையாது என்று நான் சொல்லவில்லை. போதுமான தடிமன் வேண்டும். அது வந்துவிட்டால், அதற்கு மேல் கொடுக்கிற பணத்துக்குக் காதில் எதுவும் வருவதில்லை.

கொட்டேஷனில் ‘ஆக்சிஜன் ஃப்ரீ காப்பர்’ என்று எழுதியிருக்கிறது. நல்ல செம்புதான். ஆனால் சாதாரண மின்கம்பிச் செம்போடு ஒப்பிட்டால் மின்சாரம் கடத்துவதில் வித்தியாசம் ஒரு சதவீத அளவுதான். ஒயர் மேல் அம்புக்குறி போட்டு, ‘இந்தத் திசையில்தான் மாட்டணும்’ என்றும் சில ஸ்பீக்கர் கேபிள்களில் வருகிறது. ஸ்பீக்கருக்குப் போகும் மின்சாரம் ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான தடவை முன்னும் பின்னும் போய் வருவது. அதற்கு ஒருவழிப்பாதை ஏது?

‘கணக்கு இருக்கட்டும், காது என்ன சொல்கிறது’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்கு ஒரே வழி, எந்த ஒயர் ஓடுகிறது என்று தெரியாமல் கேட்க வைப்பது. 1983-இல் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ என்ற அமெரிக்கப் பத்திரிகை இப்படி ஒரு சோதனை நடத்தி வெளியிட்டது. மிக மெல்லிய ஒயரை, இரைச்சல் மாதிரியான சோதனை ஒலி போட்டபோது கேட்டவர்கள் கண்டுபிடித்தார்கள். ஆனால் சத்த அளவைச் சமமாக்கி இசையைப் போட்டபோது, பெயர் பெற்ற கேபிளையும் விளக்குக்குப் போடுகிற தடித்த சாதாரண ஒயரையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மேலே நான் போட்ட கணக்கும் இதைத்தான் சொல்கிறது.

2007-இல் ஜேம்ஸ் ராண்டி ஒரு சவால் விட்டார். மாயாஜாலக் கலைஞர், மோசடிகளை வெளிப்படுத்துவதில் பேர் வாங்கியவர். 7,250 டாலர் விலை சொன்ன ஒரு ஸ்பீக்கர் கேபிளை, பார்க்காமல் கேட்டே அடையாளம் காட்டினால் பத்து லட்சம் டாலர் பரிசு என்றார். ஆடியோ விமர்சகர் ஒருவர் முன்வந்தார். கடைசியில் கேபிள் தயாரித்த நிறுவனம் விலகிக்கொண்டது, சோதனை நடக்கவில்லை. நடக்காத சோதனை எதையும் நிரூபிக்காது. ஆனால் நான் அந்தக் கேபிளைச் செய்தவனாக இருந்தால், ஓடிப்போய்க் கலந்துகொண்டிருப்பேன்.

அப்படியென்றால் வித்தியாசம் கேட்கிறது என்று சொல்கிறவர்கள் எல்லாம் பொய்யர்களா? இல்லவே இல்லை. 2008-இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி. ஒரே ஒயினை இரண்டு விலை சொல்லிக் கொடுத்தார்கள். விலை அதிகம் என்று சொன்னபோது குடித்தவர்களுக்கு அது அதிகம் பிடித்தது. மூளையை ஸ்கேன் செய்து பார்த்தபோது, இன்பத்தை உணரும் பகுதியும் கூடுதலாக வேலை செய்தது. ஆக அந்த சந்தோஷம் நடிப்பில்லை. விலையைக் கேட்ட மூளை அதைத் தயார் செய்து தருகிறது. நான் மிருதங்கம் கேட்டு உருகியதும் இப்படித்தான். சொந்தக் காசில் யார் எந்த கேபிள் வாங்கினாலும் அது அவர்கள் இஷ்டம். ஆனால் ஹாலில் உட்காருகிற இருநூறு பேருக்கும் ஒயர் விலை தெரியாது. அந்த சந்தோஷம்கூட அவர்களுக்குக் கிடைக்காது.

ஒயர் விஷயத்தில் நாம் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய ஒயர். வெளியே செம்பு நிறம், உள்ளே அலுமினியம். செம்பு கடத்துவதில் அறுபது சதவீத அளவுதான் அலுமினியம் கடத்தும். வாங்கும்போது ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ரிச்சி தெருவில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி.

இரண்டு, மைக் ஒயர். மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிகச் சிறியது. அது நீளமாகப் போகும்போது பக்கத்து மின்கம்பியிலிருந்து உறுமலைப் பிடித்துக்கொள்ளும். பேலன்ஸ்டு கேபிள் போட வேண்டும். அதில் சமிக்ஞை இரண்டு கம்பிகளில் எதிரெதிராகப் போகும். இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி ஏறுவதால் கடைசியில் கழிந்துவிடும். இங்கே நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம், தப்பில்லை.

மூன்று, முனைகள். நம் பழைய சிஸ்டம் கரகரத்ததற்கு முக்கால்வாசி காரணம் லூஸ் கனெக்‌ஷன்.

வீட்டு டிவிக்கு ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அதில் போவது வெறும் 0, 1 கணக்கு. கேபிள் சரியில்லை என்றால் படத்தில் புள்ளி தெறிக்கும், திரை அணைந்து அணைந்து வரும். சரியாக இருந்தால் முழுசாக வரும். ‘கலர் இன்னும் ரிச்சா வரும்’ என்பதற்கு அதில் இடமே இல்லை. 4கே டிவிக்கு அதற்கான சான்று பெற்ற கேபிளா என்று மட்டும் பாருங்கள்.

இப்போது நம் உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். எதற்காகப் புது சிஸ்டம் கேட்டோம்? போன பொதுக்குழுவில் மெயின்டனன்ஸ் உயர்வு பற்றிப் பேசியபோது, பின்வரிசையில் இருந்த பெரியவர்கள் பலருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏ பிளாக் பாட்டி ஒருவர் என்னிடம், ‘சத்தம் கேக்குதுப்பா, வார்த்தைதான் கேக்கல’ என்றார். எதற்குக் கை தூக்கினோம் என்றே தெரியாமல் தூக்கியிருக்கிறார்கள். இதைவிட சரியாக நோயைச் சொல்ல முடியாது.

சத்தம் போதவில்லை என்பது நோய் இல்லை. எதிரொலி. நம் தரை வழுவழுப்பான டைல்ஸ், சுவர் வெறும் பூச்சு, ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஆள் இல்லாத நேரத்தில் நடுவில் நின்று ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். தட்டி முடித்த பிறகும் சத்தம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு வார்த்தை அடங்குவதற்குள் அடுத்த வார்த்தை அதன் மேல் ஏறிவிடுகிறது.

இது புதுப் பிரச்சினை இல்லை. 1895-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை மண்டபத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். வாய்ச்சொல் அடங்க அங்கே ஐந்து விநாடிக்கும் மேல் ஆனது. பக்கத்து அரங்கிலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து போட்டு, எத்தனை மெத்தைக்கு எவ்வளவு எதிரொலி குறைகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பி வைக்க வேண்டும். உலகத்தில் எங்கே அரங்கம் கட்டினாலும் இன்றைக்கும் போடுகிற கணக்கு, அந்த மெத்தைகளிலிருந்து வந்ததுதான்.

ஆக என் யோசனை இதுதான். சாதாரண செம்பு ஒயர் வாங்குவோம். மிச்சமாகும் 1,06,400 ரூபாயில் கண்ணாடிப் பக்கத்துக்கு மடிப்பு மடிப்பாகத் தடித்த திரை, பின்சுவரில் சத்தம் உறிஞ்சும் பலகை போடுவோம். நாலு ஸ்பீக்கரில் இரண்டை ஹாலின் நடுவுக்கு நகர்த்திப் பெரியவர்கள் உட்காரும் பக்கம் திருப்புவோம். பேசுகிறவர்கள் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிக்காமல், நாலு விரல் தூரத்தில் பிடிப்போம். கடைசியாகச் சொன்னதற்குக் காசே வேண்டாம்.

கடைக்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால், ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை இங்கே அழைப்போம். இரண்டு ஒயரையும் திரைக்குப் பின்னால் வைப்போம். காசு சுண்டி, பூ விழுந்தால் ஒன்று, தலை விழுந்தால் மற்றது. மாற்றி மாட்டுகிறவரை யாரும் பார்க்கக் கூடாது. பத்துத் தடவை கேட்டு எழுதட்டும். குத்துமதிப்பாகச் சொன்னாலே ஐந்து சரியாக வரும். ஒன்பது அல்லது பத்து சரியாகச் சொன்னால், 1,16,000 ரூபாய்க்கு முதல் கை என்னுடையது. சந்தோஷமாகத் தூக்குகிறேன்.

அதுவரை ஏழாவது வரியைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள் என்று கமிட்டியைக் கேட்டுக்கொள்கிறேன். என் பழைய கேபிள் இன்னும் பரணில்தான் இருக்கிறது. சோதனைக்கு வேண்டுமென்றால் இலவசமாகத் தருகிறேன்.