பேழையில் கழுகுக்கும் இடம் இருந்தது

தவக்காலம் முதல் ஞாயிறு (இரண்டாம் ஆண்டு) – வானொலி மறையுரை
வாசகங்கள்: தொடக்கநூல் 9:8-15, 1 பேதுரு 3:18-22, மாற்கு 1:12-15



கடந்த புதனன்று நெற்றியில் சாம்பலைப் பெற்று தவக்காலத்தைத் தொடங்கினோம். நாம் மண்ணிலிருந்து வந்தவர்கள், மண்ணுக்கே திரும்புகிறவர்கள் என்பதை அந்தச் சாம்பல் நினைவூட்டியது. தவக்காலத்தின் முதல் ஞாயிறான இன்று, திருஅவை நம்மை இரண்டு இடங்களுக்கு அழைத்துச் செல்கிறது. ஒன்று, வெள்ளம் வடிந்த நிலத்தில் நிற்கும் நோவாவின் பேழை. மற்றொன்று, இயேசு சோதிக்கப்பட்ட பாலைநிலம். இவ்விரு இடங்களிலும் மனிதர் தனியே இல்லை. விலங்குகளும் பறவைகளும் உடனிருக்கின்றன.

இயேசு சந்தித்த சோதனைகளைப்பற்றி ஒவ்வோர் ஆண்டும் இந்த ஞாயிறன்று கேட்கிறோம். மத்தேயுவும் லூக்காவும் மூன்று சோதனைகளை விரிவாகச் சொல்கின்றனர். மாற்கு ஓரிரு வரிகளில் முடித்துவிடுகிறார். ஆனால், மற்ற இருவரும் சொல்லாத ஒன்றை அவர் சொல்கிறார். அந்த நாற்பது நாளும் இயேசு காட்டு விலங்குகளோடு இருந்தார் என்கிறார். இத்தனைச் சுருக்கமாக எழுதும் மாற்கு, இந்தக் குறிப்பை ஏன் விட்டுவிடவில்லை? இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, நம் நாட்டின் வானில் நடந்த ஒரு நிகழ்வைச் சிறிது நேரம் நினைத்துப் பார்ப்போம்.

நம்மில் வயதில் மூத்தவர்களுக்கு இது நினைவிருக்கலாம். ஊருக்கு வெளியே மாடு ஒன்று இறந்து கிடந்தால், சற்று நேரத்தில் வானில் கழுகுகள் வட்டமிடும். கூட்டமாக இறங்கும். எலும்பை மட்டும் விட்டுவிட்டுப் பறந்துபோகும். பாறு என்ற பழைய தமிழ்ப் பெயர் இந்தப் பறவைக்கு உண்டு. நாமோ அதைப் பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லி முகம் சுளித்தோம். அழகில்லாத தலை, அருவருப்பான உணவு. ஆனால், காசு வாங்காமல் ஊரைச் சுத்தம் செய்துவந்த பறவை அது. செங்கல்பட்டுக்கு அருகே, கழுகைத் தன் பெயரிலேயே கொண்ட திருக்கழுக்குன்றத்தில், இரண்டு பாறுகள் உணவுக்காக மலைக்கு வந்துசெல்வதைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் பார்த்துவந்தனர். இப்போது அவை வருவதில்லை.

1990களில் இந்தப் பறவைகள் நாடெங்கும் மடிந்து விழத் தொடங்கின. வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில், 1992ஆம் ஆண்டு ஆயிரம் இருந்த இடத்தில், 2007ஆம் ஆண்டு ஏறத்தாழ ஒன்றுதான் மிஞ்சியது. யாரும் அவற்றைச் சுடவில்லை. யாரும் வலை விரிக்கவில்லை. அப்படியானால், யார் கொன்றது?

2004ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு விடை சொன்னது. டைக்ளோஃபினாக் என்ற மருந்துதான் காரணம். மனிதரின் மூட்டுவலிக்கும் உடல்வலிக்கும் தரப்படும் அதே மருந்து. காய்ச்சலும் வீக்கமும் கண்ட மாட்டுக்கு அதை ஊசியாகப் போட்டார்கள். அந்த மாடு இறந்துபோனால், அதன் இறைச்சியில் மருந்து தங்கியிருக்கும். அதை உண்ட கழுகின் சிறுநீரகம் சில நாள்களில் செயலிழந்துவிடும். நூறு சடலங்களில் ஒன்றில் அம்மருந்து இருந்தாலே போதும், கழுகு இனமே சரிந்துவிடும்.

இந்த இடத்தில் நாம் கவனமாக இருக்கவேண்டும். நோயுற்ற மாட்டின் வலியைத் தீர்க்க நினைத்த ஒருவரைப் பாவி என்று சொல்லமுடியுமா? ஒரே ஒரு பசுவை வைத்துப் பிழைக்கும் குடும்பம். அந்தப் பசு இரவில் எழமுடியாமல் கிடக்கிறது. கையில் இருப்பது மலிவான மருந்து, அதைப் போட்டார்கள். கழுகு சாகும் என்று அவர்களுக்கு மட்டுமல்ல, மருந்து எழுதித் தந்தவர்களுக்கும் தெரியாது. அதற்குப் பெயர் அறியாமை. சோதனை என்பது அதற்குப் பின்னர்தான் வந்தது.

2006ஆம் ஆண்டு, கால்நடைகளுக்கென டைக்ளோஃபினாக் தயாரிப்பதை இந்திய அரசு தடைசெய்தது. கழுகுக்குத் தீங்கில்லாத மெலோக்சிகம் என்ற மாற்று மருந்தும் இருந்தது. செய்தி பரவியது. ஆனால், மனிதருக்கான டைக்ளோஃபினாக், 30 மில்லிலிட்டர் அளவுள்ள பெரிய குப்பிகளில் தொடர்ந்து விற்பனைக்கு வந்தது. ஒரு மனிதருக்கு ஒரு வேளைக்கு 3 மில்லிலிட்டர் போதும். பெரிய குப்பி யாருக்காக? தயாரித்தவர்களுக்கும் தெரியும், விற்றவர்களுக்கும் தெரியும், வாங்கியவர்கள் பலருக்கும் தெரியும். இந்தப் பெரிய குப்பிகளைத் தடைசெய்ய 2015ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன்பின், வேறு மருந்துகளும் கழுகைக் கொல்வது தெரியவந்து, 2023ஆம் ஆண்டு கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் ஆகிய இரண்டும் கால்நடைகளுக்குத் தடைசெய்யப்பட்டன.

தெரியாமல் செய்த காலம் முடிந்து, தெரிந்தே செய்யும் காலம் தொடங்கியபோது, அந்தக் குப்பி நம் மனதில் என்ன பேசியிருக்கும்? மூன்று வாக்கியங்கள் பேசியிருக்கும். உடனே பலன் கிடைக்கும். எளிதாகக் கிடைக்கும். ஒன்றும் ஆகாது.

அன்புக்குரியவர்களே, இந்த மூன்று வாக்கியங்களையும் நாம் எங்கோ கேட்டிருக்கிறோம். பாலைநிலத்தில் இயேசு பசித்திருந்தபோது, இந்தக் கல்லை அப்பமாக்கிவிடும், பசி உடனே தீரும் என்றது சோதனை. உலகின் அரசுகளையெல்லாம் காட்டி, ஒருமுறை விழுந்து வணங்கினால் போதும், சிலுவையில்லாமல் எளிதாகக் கிடைத்துவிடும் என்றது. கோவிலின் உச்சியில் நிறுத்தி, குதித்துப் பாரும், உமக்கு ஒன்றும் ஆகாது என்றது. ஏதேன் தோட்டத்துப் பாம்பு ஏவாளிடம் சொன்னதும் அந்தக் கடைசி வாக்கியம்தான்: சாகவே மாட்டீர்கள், ஒன்றும் ஆகாது. ஆதாமும் ஏவாளும் அறியாமையால் வீழ்ந்தவர்கள் அல்லர். எந்த மரம் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

இன்றைய நம் உலகமும் இந்த மூன்று வாக்கியங்களை இரவு பகலாக ஓதிக்கொண்டிருக்கிறது. கைபேசியைத் திறந்தால் விளம்பரம், தெருவில் இறங்கினால் விளம்பரம். இன்று கேட்டால் நாளை வீட்டு வாசலில், பாதி விலையில். அது யாருடைய உழைப்பு, எந்த ஆற்றின் நீர், எந்த மலையின் மண் என்று நாம் கேட்பதில்லை. கேட்க நேரமும் தரப்படுவதில்லை. பொருள்களையும், உயிர்களையும், ஏன், மனிதர்களையும்கூட பயன்படுத்தியபின் வீசிவிடும் இந்தப் போக்கை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் தூக்கி எறியும் கலாச்சாரம் என்று மீண்டும் மீண்டும் சாடினார். 2015ஆம் ஆண்டு அவர் வழங்கிய 'இறைவா உமக்கே புகழ்' என்ற திருமடலில், படைப்பில் உள்ள அனைத்தும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டுள்ளன என்பதைப் பல இடங்களில் வலியுறுத்தினார்.

ஒன்றும் ஆகாது என்றோமே, என்ன ஆனது? கழுகுகள் மறைந்த இடங்களில் சடலங்கள் அழுகிக் கிடந்தன. தண்ணீர் கெட்டது. தெருநாய்கள் பெருகின, அவற்றோடு வெறிநாய்க்கடியும். கழுகுகள் நிறைந்திருந்து பின்னர் மறைந்த மாவட்டங்களை ஆராய்ந்த ஒரு பொருளியல் ஆய்வு 2024ஆம் ஆண்டு வெளியானது. 2000 முதல் 2005 வரையிலான ஆண்டுகளில் மட்டும், இதனால் ஏறத்தாழ ஐந்து இலட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் பறிபோயிருக்கலாம் என்று அது கணக்கிட்டது. நாம் முகம் சுளித்த பறவை நமக்குத் தெரியாமலே நம் குழந்தைகளைக் காத்துவந்திருக்கிறது.

இப்போது நோவாவிடம் வருவோம். விவிலியம் பெயர் சொல்லி நேர்மையாளர் என்று அழைக்கும் முதல் மனிதர் அவர். அவர் பெரிய உரை எதுவும் நிகழ்த்தியதாக தொடக்கநூலில் இல்லை. வரப்போவது என்ன என்று அவருக்குச் சொல்லப்பட்டது. தெரிந்துகொண்டார். தெரிந்ததற்கு ஏற்ப மரத்தை வெட்டினார், பலகையை இணைத்தார், கீல் பூசினார். மழை வருவதற்கு முன்பே பேழை கட்டுவது எளிதான வேலையுமல்ல, உடனே பலன் தரும் வேலையுமல்ல. தெரிந்த உண்மைக்கு ஏற்ப வாழ்வை மாற்றிக்கொண்டார் என்பதுதான் அவருடைய நேர்மை.

அந்தப் பேழைக்குள் யாரெல்லாம் இருந்தார்கள்? இன்றைய இரண்டாம் வாசகம் சொல்வதுபோல் மனிதர் எட்டுப் பேர். மற்றவை எல்லாம் விலங்குகளும் பறவைகளும் ஊர்வனவும்தாம். நாம் அந்தப் பேழையைப் படமாக வரைந்தால், ஒலிவக் கிளையுடன் வரும் புறாவை வரைவோம். ஆனால், நோவா முதலில் வெளியே அனுப்பியது புறாவை அல்ல, காகத்தை. தீட்டானவை என்று ஒதுக்கப்பட்ட உயிர்களுக்கும் பேழையில் இடம் இருந்தது. உண்ணத்தகாத, அருவருப்பான பறவைகள் என்று லேவியர் நூல் 11ஆம் பிரிவு பட்டியலிடும் கழுகுகளுக்கும் அங்கு இடம் இருந்தது. இது பயனுள்ளதா, இது அழகானதா என்று பார்த்து ஏற்றும்படி கடவுள் சொல்லவில்லை.

வெள்ளம் வடிந்தபின் கடவுள் செய்த உடன்படிக்கையை இன்றைய முதல் வாசகத்தில் கேட்டோம். நோவாவோடும் அவர் வழிமரபோடும் மட்டும் அல்ல, பறவைகளோடும் கால்நடைகளோடும் காட்டு விலங்குகளோடும் கடவுள் உடன்படிக்கை செய்கிறார். அதன் அடையாளம் வானவில். வானவில் என்ற நம் தமிழ்ச்சொல்லில் வில் இருக்கிறது. எபிரேய மொழியிலும் போருக்கு எடுக்கும் வில்லுக்கும் வானில் தோன்றும் வில்லுக்கும் ஒரே சொல்தான். வன்முறையால் நிறைந்திருந்த உலகில், கடவுள் தாமே முதலில் தம் வில்லை இறக்கி, மேகத்தில் மாட்டிவைக்கிறார். இனி அழிப்பதில்லை என்கிறார். அவர் கீழே வைத்துவிட்ட வில்லை நாம் எடுத்து வளைக்கலாமா?

இந்தப் பின்னணியில் மாற்குவின் சிறு குறிப்பைப் பார்க்கும்போது, அதன் பொருள் விளங்குகிறது. முதல் ஆதாம் விலங்குகளுக்குப் பெயரிட்டு அவற்றோடு வாழ்ந்தார். சோதனைக்கு உடன்பட்டபின், தோட்டத்தையும் அந்த உறவையும் இழந்தார். இயேசு சோதனைக்கு இல்லை என்று சொன்னார். அவரைச் சுற்றிக் காட்டு விலங்குகள் இருக்கின்றன. அவையும் அவரைத் தாக்கவில்லை, அவரும் அவற்றை விரட்டவில்லை. சோதனையை வென்ற மனிதரின் அருகில் பிற உயிர்கள் பாதுகாப்பாக இருக்கும். சோதனையை வென்றோமா என்று நம்மை நாமே சோதித்துக்கொள்ள இதைவிட நல்ல அளவுகோல் தேவையில்லை. நம் அருகில் இருக்கும் வலுவற்ற உயிர்கள், மனிதரோ விலங்கோ, அச்சமின்றி இருக்கின்றனவா?

இத்தவக்காலத்தில் இறைச்சியைத் தவிர்க்கிறோம், சிலர் தேநீரைத் தவிர்க்கிறோம். நல்லது. அத்தோடு, ஒரு வாக்கியத்தையும் தவிர்ப்போம்: ஒன்றும் ஆகாது என்ற வாக்கியத்தை. மாடு வளர்க்கும் குடும்பங்கள் நம் பங்கில் இருக்கின்றன. மனிதருக்கு வாங்கிய வலி ஊசியை மாட்டுக்குப் போடுவதில்லை, கால்நடை மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தும் தருவதில்லை என்று அவர்கள் உறுதி எடுக்கலாம். ஏழை ஒருவரின் பசு நோயில் விழுந்தால், நல்ல மருந்துக்கு ஆகும் கூடுதல் செலவை அன்பியத்தார் பகிர்ந்துகொள்ளலாம். அதுவும் தர்மம்தான். நாளை சந்தைக்குப் போகும் கீரைக்கு இன்று பூச்சிமருந்து அடிப்பவர்கள், வீட்டுக் கழிவுநீரை ஓடையில் விடுபவர்கள், திருவிழா முடிந்ததும் நெகிழிக் குவளைகளை ஆலய வளாகத்திலேயே எரிக்கும் நாம் எல்லாரும், தெரிந்தே செய்யும் ஏதாவது ஒன்றை இந்த நாற்பது நாளில் நிறுத்துவோம். ஒன்றே ஒன்று போதும்.

நீலகிரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடைப்பட்ட மாயாற்றுப் பள்ளத்தாக்கில், ஆற்றோரத்து உயர்ந்த நீர்மருது மரங்களில், வெண்முதுகுப் பாறுகள் இன்றும் கூடு கட்டுகின்றன. ஒரு இணை ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து தானும் கூடு கட்ட ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் ஆகும். சில ஆண்டுகளில் அழித்ததைத் திரும்பப் பெற பல தலைமுறை ஆகலாம். மனமாற்றமும் அப்படித்தான். சாம்பல் புதனன்று பூசியதும் உயிர்ப்பு ஞாயிறன்று முடிந்துவிடுவதல்ல. ஆனால், காலம் நிறைவேறிவிட்டது, மனம் மாறுங்கள் என்று ஆண்டவர் இன்று அழைக்கிறார். தொடங்குவதற்கு இன்றுதான் நாள்.

மன்றாடுவோம். அனைத்து உயிர்களின் இறைவா, நாங்கள் அறியாமல் செய்த தீங்கை மன்னித்தருளும். அறிந்தபின்னும் தொடர்வதிலிருந்து எங்களை மீட்டருளும். எளிதான வழி எங்களை ஈர்க்கும்போது, பாலைநிலத்தில் பசித்திருந்த உம் திருமகனை எங்களுக்கு நினைவூட்டும். எங்கள் அருகில் வாழும் எந்த உயிரும் எங்களைக் கண்டு அஞ்சாதபடி எங்களை மாற்றும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.