உண்டியும் உறையுளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் இலக்கியம் பேசுவதே நம் வழக்கம். கற்றறிந்த பெருமக்கள் அமர்ந்திருக்கும் இவ்வவையில், பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இரயில்வே சரக்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் கழிக்கும் நான் இலக்கியம் பேசத் துணிவது பொருந்தாது. ஆகவே நாம் நாடோறும் கண்ணாற் காணும் ஒன்றைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். நகரின் நடுவே புதிய உணவகங்களும் அடுக்கு மாளிகைகளும் எழுகின்றனவே, அவற்றால் ஜீடிமெட்லாவில் வாழும் நமக்கு விளைவது யாது, நாம் செய்யத்தக்கது யாது என்பதே என் பொருள்.

மனிதனுக்கு இன்றியமையாதன உண்டி, உடை, உறையுள் என மூன்றென்பர். ஊர் விட்டு ஊர் வந்தவன் உடுத்த உடையோடு வந்து இறங்குகின்றான். இறங்கிய அன்றே அவனுக்கு வேண்டுவன மற்றை இரண்டுமாம். உண்ண ஓர் இடமும் உறங்க ஓர் இடமும் தந்த ஊரையே அவன் தன் ஊர் என்று சொல்லத் தொடங்குகின்றான். இவ்வளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் நகரத்தை நோக்குவோம்.

1806ஆம் ஆண்டில் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் செகந்திராபாத் அமைந்தது. 1874இல் வாடியிலிருந்து புகைவண்டி வந்து சேர்ந்தது. சென்னைப் படையோடு வந்தவர், படைக்குப் பண்டம் வழங்க வந்தவர், இரயில்வேக்குக் கணக்கெழுத வந்தவர் எனத் தமிழர் பலர் இங்கே குடியேறினர். மகபூப் கல்லூரியை நிறுவியவர் சோமசுந்தர முதலியார் என்பதும், 1893இல் அக்கல்லூரியில் விவேகானந்தர் உரையாற்றினார் என்பதும் நம் பிள்ளைகள் அறியவேண்டிய செய்திகள். பத்மராவ் நகர் என்று நாம் பேருந்தில் சீட்டுக் கேட்கின்றோமே, அதுவும் ஒரு முதலியார் பெயரே.

அப்பழைய நகரின் அமைப்பு எத்தகையது? ஜெனரல் பஜாரிலும் மோண்டா சந்தையைச் சூழ்ந்த தெருக்களிலும் கீழே கடை, மேலே குடியிருப்பு. கடைக்காரன் கடைக்கு மேலேயே வாழ்ந்தான். கடைப் பையன் கூப்பிடு தூரத்தில் வாழ்ந்தான். தெரு முனைதோறும் ஈரானியர் நடத்திய தேநீர்க்கடை இருந்தது. ஒரு கோப்பைத் தேநீரும் ஓர் உஸ்மானியா பிஸ்கட்டும் வாங்கியவன் ஒரு மணி நேரம் அமர்ந்து பத்திரிகை படிக்கலாம்; எழுந்து போ என்று சொல்வார் இல்லை. ரிக்‌ஷாக்காரனும் வக்கீலும் அடுத்தடுத்த மேசையில் அமர்ந்தனர். நிலையத்திற்கு எதிரே ஆல்பா ஓட்டலும், 1953இல் ஒரு சினிமாக் கொட்டகையை ஒட்டித் தோன்றிய பாரடைசும் அவ்வாறு வளர்ந்தவையே. நகர நடுவில் எளியவனுக்கும் ஒரு நாற்காலி இருந்தது என்பதே இதன் சாரம்.

காலம் மாறிற்று. 1998இல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பெற்றபின் செல்வம் மேற்கு நோக்கி நகர்ந்தது. மனையின் பரப்பைப் போல இத்தனை மடங்குதான் கட்டலாம் என்று சென்னையிலும் பம்பாயிலும் ஒரு வரம்பு உண்டு. ஐதராபாத்தில் 2006ஆம் ஆண்டின் அரசாணை அவ்வரம்பை நீக்கிவிட்டது. சாலை அகலமும் சுற்றிலும் விடும் காலியிடமும் போதுமானால், மேலே எத்தனை மாடியும் எழலாம் என்றாயிற்று. நிலத்தின் விலை ஏற, முனைக்கடை நாற்காலிகள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. நாம் பணி செய்த செகந்திராபாத் நிலையத்தின் பழைய முகப்பே 2025இல் இடிக்கப்பெற்றுப் புதுக் கட்டிடத்திற்கு வழிவிட்டது.

புதியது வருவதை நான் பழிக்கவில்லை. நல்ல காற்றோட்டமுள்ள வீடும் தூய்மையான உணவகமும் யாருக்கு வேண்டாம்? நம் பிள்ளைகள் கைநிறையச் சம்பாதித்து, ஞாயிற்றுக்கிழமை மாலையில் பெற்றோரை அழைத்துச் சென்று பெருந்தட்டில் மந்தி பிரியாணி வாங்கித் தருகின்றனர். அதைக் கண்டு மகிழாத தந்தை உண்டா? என் கேள்வி வேறு. அத்தட்டைக் கழுவுகின்றவன் இரவு எங்கே உறங்குகின்றான்?

இரயில்வேக்காரனாகையால் இதை நான் கால அட்டவணையைக் கொண்டே எண்ணிப் பார்க்கின்றேன். புதிய உணவகம் நள்ளிரவில் கதவடைக்கின்றது. பரிமாறியவனும் மேசை துடைத்தவனும் அதன் பின்னரே புறப்படுகின்றனர். மெட்ரோ இரயிலோ பதினொரு மணியளவில் ஓய்ந்துவிடுகின்றது. 2023ஆம் ஆண்டு ஏப்ரலில் மேட்சல் வரை எம்.எம்.டி.எஸ். வண்டி நீட்டிக்கப்பெற்றது நன்றே. ஆயினும் அது நள்ளிரவுத் தொழிலாளிக்கான வண்டியன்று. நடந்து போகும் தொலைவில் வீடு இல்லாதவனுக்கு அந்த வேலை பாதிச் சம்பள வேலையே. மீதிச் சம்பளம் ஆட்டோக் கட்டணமாய்ப் போகின்றது.

நிற்க. இனி நம் ஜீடிமெட்லாவுக்கு வருகின்றேன்.

1961இல் நிறுவப்பெற்ற ஐ.டி.பி.எல். என்னும் அரசு மருந்து நிறுவனம் பக்கத்துப் பாலாநகரில் ஆலை எழுப்பிற்று. அங்கே தொழில் கற்றவர் பலர் பின்னர்த் தாமே மருந்தாலை கண்டனர். 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கிய அஞ்சி ரெட்டியும் அவருள் ஒருவர். ஜீடிமெட்லாத் தொழிற்பேட்டை அமைந்தபோது இது ஊருக்கு வெளியே இருந்த இடம். 2007இல் குத்புல்லாப்பூர் நகராட்சி பெருநகர மாநகராட்சியோடு இணைந்தது. சுசித்ராவும் கொம்பள்ளியும் உணவக வீதிகளாயின. ஊர்ப்புறமாய் இருந்தது ஊர் நடுவாயிற்று.

2025ஆம் ஆண்டு நவம்பரில் தெலங்காணா அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. வெளிவட்டச் சாலைக்குள் அமைந்த பழைய தொழிற்பேட்டைகளின் நிலத்தை, கட்டணம் செலுத்திக் குடியிருப்பாகவும் அலுவலகமாகவும் ஓட்டலாகவும் மாற்றிக்கொள்ள அது வழி வகுக்கின்றது. இருபத்திரண்டு பேட்டைகள், ஒன்பதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம். அவற்றுள் ஜீடிமெட்லாவும் ஒன்று. இதை ஆதரித்தும் எதிர்த்தும் கட்சிகள் பேசின. கட்சி பேசுவது நம் சங்கத்தின் பணியன்று. ஆயினும் நம் தெருவைப் பற்றி நாம் எண்ணாதிருப்பது பேதைமை.

ஆலைகள் வெளியே போவதற்கு நியாயம் உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். கழிவுநீரின் நாற்றத்தை நாம் முகர்ந்திருக்கின்றோம். 2025 ஜூன் 30 அன்று பாசமைலாரத்து மருந்தாலை வெடிப்பில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை மறக்க இயலுமா? வீடுகளுக்கு நடுவே அத்தகைய ஆலை இருத்தல் ஆகாது. அவ்வாறே, பல்லாண்டு இரசாயனம் சிந்திய மண்ணின்மேல் வீடு கட்டுமுன் அம்மண்ணையும் நிலத்தடி நீரையும் சோதித்துத் தூய்மை செய்தல் வேண்டும். ஆலை போனதும் நஞ்சும் போய்விட்டது என்று எண்ணிவிடலாகாது.

ஆலைநிலம் மாளிகை நிலமான கதை நமக்கு முன்னே இரண்டு நகரங்களில் நடந்தேறியுள்ளது. அவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, சென்னைப் பெரம்பூர். 1876இலும் 1881இலும் தோன்றிய பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை அறியாத தமிழர் இலர். அத்தொழிலாளரிடையே 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி. பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் துணை நின்றனர். 1996இல் ஆலை மூடப்பெற்றது. தறிகள் முழங்கிய மண்ணில் அடுக்கு வீடுகள் எழுந்துள்ளன.

இரண்டாவது, பம்பாயின் கிரண்காவ். ஐம்பதுக்கு மேற்பட்ட பஞ்சாலைகள், சுமார் அறுநூறு ஏக்கர். 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை இலட்சம் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் ஆலைகள் நலிந்து மூடின. 1991ஆம் ஆண்டு விதி, ஆலைநிலத்தை மறுபடி கட்டும்போது மூன்று பங்காக்கிற்று. ஒன்று பொதுமக்களுக்கான திறந்தவெளி, ஒன்று அரசு வீட்டு வாரியத்தின் எளிய வீடுகள், ஒன்று உரிமையாளருக்கு. 2001இல் அவ்விதி திருத்தப்பெற்றது. முன்பு நிலம் முழுவதற்கும் பங்கீடு. திருத்தியபின், கட்டிடம் இல்லாத காலி நிலத்திற்கு மட்டுமே பங்கீடு. 2006இல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றது. பொதுமக்களுக்கும் எளிய வீடுகளுக்கும் வரவேண்டிய பங்கு வெகுவாய்ச் சுருங்கிப் போயிற்று. விதிப்புத்தகத்தோடு காலம் கழிக்கும் நம் போன்றோர்க்குத் தெரியும், ஒரு சொல் மாறினால் ஒரு ஊரே மாறும் என்பது.

ஃபீனிக்ஸ் ஆலை அங்காடியும் உணவகங்களும் ஆயிற்று. கமலா மில் வளாகத்தின் மாடி உணவகங்களில் 2017 டிசம்பர் 29 நள்ளிரவு கடந்து பற்றிய தீயில் பதினால்வர் மாண்டனர். நம் செகந்திராபாத்திலும் 2023 மார்ச்சில் சுவப்னலோக் கட்டிடத் தீ ஆறு இளைஞர்களைக் கொண்டு சென்றது. மாடிமேல் மாடி கட்டுகின்றவன் இறங்கும் வழியையும் கட்டவேண்டும் என்பதை இவை நமக்கு அறிவுறுத்துகின்றன.

கிரண்காவில் இன்னொன்றும் இருந்தது. ஊரில் மனைவி மக்களை விட்டு வந்த ஆலைத் தொழிலாளருக்கு, தம் சிற்றறையில் சமைத்து மாதக் கணக்கில் உணவளித்தவர்கள் பெண்கள். அவர்கள் வட்டிக்கடைக்காரனிடம் சிக்கித் தவித்தபோது, பிரேமா புராவ் என்னும் அம்மையார் 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டல் என்ற அமைப்பின்கீழ் அவர்களை ஒன்று சேர்த்து, வங்கிக் கடன் பெற வழி செய்தார்.

நம் தொழிற்பேட்டையின் பின்தெருவிலும் அத்தகைய அம்மையார் உளர். வாடகை வீட்டின் முன்னறையே மெஸ். காலையில் இட்லி, பகலில் சாம்பார், ரசம், மோர். சம்பளம் வரும்வரை நோட்டில் எழுதிக்கொள்வார். தமிழ்ப் பையன்கள் மட்டுமல்லாது, பீகாரிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகளும் அங்கே சாம்பார் சாதத்திற்குப் பழகிவிட்டனர். அவ்வம்மையார் சென்ற மாதம் என்னைக் கேட்டார்: “ஐயா, ஆலை போனால் என் பிள்ளைகளும் போய்விடுவார்கள். அப்புறம் நான் யாருக்கு உலை வைப்பது?” என்னிடம் விடையில்லை. புதிய உணவகங்கள் நூறு திறந்தாலும் நோட்டில் எழுதிக்கொள்ளும் உணவகம் அவற்றுள் ஒன்றும் இராது. இதை எண்ணியே இவ்வுரையை ஆற்றத் துணிந்தேன்.

வருந்துவதோடு நில்லாமல் செயத்தக்கன மூன்றைக் கூறி அமைகின்றேன்.

முதலாவது, ஆலைநிலம் குடியிருப்பாகுமிடத்து ஒரு பங்கு சிறு வீடுகளுக்கும் தொழிலாளர் விடுதிக்கும் ஒதுக்கப்பெறல் வேண்டும் என்று நம் சங்கம் தெலுங்கு அன்பர்களோடு சேர்ந்து விண்ணப்பம் செய்தல் வேண்டும். தனியே தமிழர்க்கென்று கேட்பது முறையன்று. நம்மை வாழவைத்த ஊரில், உழைப்பவர் அனைவர்க்கும் சேர்த்தே கேட்போம்.

இரண்டாவது, எழும் மாளிகைகளின் தரைத்தளத்தில் சில சிறு கடைகள் மெஸ் நடத்துவோர்க்குக் குறைந்த வாடகையில் கிடைக்க வழி தேடுவோம். நம் அம்மையார்கள் மகளிர் சுய உதவிக் குழுவாய்ச் சேர்ந்தால் வங்கி கதவு திறக்கும். மனு எழுத ஆள் வேண்டுமெனில் நான் இருக்கின்றேன்.

மூன்றாவது நம் கையிலேயே உள்ளது. பம்பாய்த் தொழிலாளருக்கு 2012இல்தான் குலுக்கல் முறையில் பெருமளவில் வீடுகள் கிடைக்கத் தொடங்கின. வேலைநிறுத்தம் நடந்து முப்பது ஆண்டுகள் கழிந்திருந்தன! அப்போதும் தாம் ஆலையில் வேலை செய்தமைக்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. சான்று எவனிடம் இருந்ததோ அவனுக்கே வழி பிறந்தது. ஆகவே உறுப்பினர் அனைவரும், ஒப்பந்தக் கூலியாய் உள்ளோர் சிறப்பாக, சம்பளச் சீட்டு, சேமநல நிதிக் கணக்கு எண், ஈ.எஸ்.ஐ. அட்டை, வாடகை இரசீது ஆகியவற்றைப் பேணி வையுங்கள். இல்லாதவர் கேட்டுப் பெறுங்கள். வரும் மாதம் முதல் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு, நம் சங்கக் கட்டிடத்தில் ஒரு மேசை போட்டு நான் அமர்வேன். தாள்களைக் கொண்டு வருவோர்க்கு வரிசைப்படுத்தி, நகல் எடுத்து, பதிவேட்டில் பதிந்து தருவேன். தமிழரே வரவேண்டும் என்பதில்லை; மெஸ்ஸில் உடன் உண்ணும் பீகார்ப் பிள்ளையையும் அழைத்து வாருங்கள்.

சரக்கு அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. இரசீதைக் கொடுத்தே மூட்டையைப் பெறல் வேண்டும். மூட்டை கண்ணெதிரே கிடப்பினும் கையில் சீட்டில்லாதவனால் அதை எளிதில் பெற இயலாது. இந்நகரம் கட்டப்பெற்றதில் நம் உழைப்பும் உண்டு. அதற்குரிய சீட்டு நம் கையில் இருத்தல் வேண்டும்.